வேட்டிக்காரரின் வலது முன்னங்கால்

நாகேந்திரன் மலேசியாவுக்குப் போன ஒன்பதாம் நாள் காலையில், அவன் வழக்கமாகப் படுக்கிற இடத்தில் முந்நூறு கிலோ எடையுள்ள ஒரு தாபிர் படுத்திருந்தது. முன்பாதி கறுப்பு, பின்கால்கள் கறுப்பு, நடுவில் மட்டும் வெள்ளை. சலவை வேட்டியை உதறிச் சுற்றிக் கட்டினாற்போல இருந்தது. மூக்கு மேலுதட்டோடு சேர்ந்து கொஞ்சம் நீண்டு தொங்கியது, யானைக்கென்று ஆரம்பித்து, போதும் என்று பாதியில் விட்டாற்போல. சாணி தெளிக்க எழுந்த அவன் பெண்டாட்டி கிருஷ்ணம்மா அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அப்பால தள்ளிப் படுய்யா, வழில படுத்துகினு" என்றாள். அது தள்ளிப் படுத்தது. இது 1993ஆம் வருஷம் தை மாதம் இருபத்திரண்டாம் தேதி நடந்தது. அன்றைக்கு நகரி சந்தையில் கத்தரிக்காய் மலிவு.

கிருஷ்ணம்மா பயப்படாததற்குக் காரணம் உண்டு. நாராயணவனத்திலிருந்து நகரி போகிற ரோட்டில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் ஈச்சங்குப்பம். நாற்பது வீடு, எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். ஒரு தலைமுறைக்கு முன் சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாதவர்கள். பிறகு சர்க்கார் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் கொடுத்தது, அதில் வேர்க்கடலை போட்டார்கள், மழை வராத வருஷம் நகரி விசைத்தறிக்கும் மாங்கூழ் ஃபேக்டரிக்கும் கூலிக்குப் போனார்கள். தொண்ணூற்றொன்றில் டில்லியில் என்னவோ கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. ஈச்சங்குப்பத்தைப் பொறுத்தவரை திறந்தது பாஸ்போர்ட் ஏஜென்டின் கதவுதான். முதலில் துலுக்காணத்தின் மகன் சுனில் குவைத்துக்குப் போனான். ஒன்பதாம் நாள் துலுக்காணத்தின் வீட்டுக் கொட்டகையில் வெள்ளை வெளேரென்று ஒரு மான், இரண்டு முழ நீளத்துக்கு இரண்டு நேர்க் கொம்புகளோடு நின்றது. பக்கவாட்டில் பார்த்தால் ஒரே கொம்பு. அரபு தேசத்து ஓரிக்ஸ் என்று பிற்பாடு தெரிந்தது. ஊரில் குவைத்து மாடு என்றார்கள். அது வாரக்கணக்கில் தண்ணீர் குடிக்காது, விடியற்காலையில் புல் மேலுள்ள பனியை நக்கிக்கொண்டால் போதும். எங்கோ அறுபது மைலுக்கு அப்பால் மழை பெய்தால்கூட அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அதன் பிறகு ஈச்சங்குப்பத்தில் கடலை விதைப்பவர்கள் ரேடியோவில் வானிலை கேட்பதை விட்டுவிட்டார்கள்.

கமலம்மாவின் மூத்த மகன் ரமணா ராணுவத்தில் சேர்ந்து லடாக் போனபோது பனிச்சிறுத்தை ஒன்று வந்தது. சிறுத்தை என்றதும் ஆடு வைத்திருந்தவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். ஆனால் அந்த ஜாதிக்கு உறுமவே வராது, தொண்டை அமைப்பு அப்படி. பூனை மாதிரி மூக்கால் புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடம்பு நீளத்துக்குச் சமமாக வால். சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பானைகளுக்கு நடுவில் படுத்து, வாலை எடுத்து மூக்கின் மேல் போர்த்திக்கொள்ளும். அதே கமலம்மாவின் மகள் பிரேமலதா சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவளுக்குப் பதிலாக ஒன்பது நீர்நாய்கள் வந்தன. ஒருத்தி போனதற்கு ஒன்பதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவள் வீட்டில் இருந்தபோது செய்த வேலையை நினைத்துப் பார்த்தவர்கள் சரிதான் என்றார்கள். பெங்களூருக்குப் போனவர்களுக்கு ஒன்றும் வரவில்லை, அவர்கள்தான் சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிடுகிறார்களே. சென்னைக்குப் போனவர்கள் வீட்டில் பெருச்சாளி கொஞ்சம் அதிகமானது உண்மை. குடுபல்லிப் பக்கம் யானைகள் வந்தது வேறு விஷயம். அவை யாருக்குப் பதிலாகவும் வரவில்லை, தமிழ்நாட்டுக் காட்டிலிருந்து தாமாக நடந்து வந்தவை. அதையும் இதையும் சேர்த்துப் பேசுகிறவர்களை நம்பக் கூடாது. வனத்துறைக்காரர் ஒருவர் ஒரு தடவை வந்து, பர்மிட் எங்கே என்று கேட்டார். அவரவர் வீட்டில் இருந்த பாஸ்போர்ட் ஜெராக்ஸைக் காட்டினார்கள். அவர் எல்லாவற்றையும் பார்த்து, "அந்தா கரெக்டே", எல்லாம் சரிதான் என்று தெலுங்கில் சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார்.

வந்த மிருகத்தைப் பார்த்தால் போன ஆளின் சௌக்கியம் தெரியும் என்பதைக் கண்டுபிடித்தது துலுக்காணம்தான். சுனிலுக்குக் காய்ச்சல் கண்ட வாரம் குவைத்து மாடு தீனி எடுக்கவில்லை. அவனை டிரைவராக உயர்த்திய மாதம் அதன் கொம்பு பளபளத்தது. பிரேமலதா தலைமுடியைக் கத்தரித்துக்கொண்ட அன்று ஒன்பது நீர்நாய்களும் வெட்கப்பட்டுக்கொண்டு கிணற்றை விட்டு வெளியே வரவில்லை. இதெல்லாம் பிறகு வந்த கடிதங்களோடு ஒத்துப்போனது. அதிலிருந்து துலுக்காணம் காலையில் பல் விளக்கியதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிருகங்களைப் பார்த்து, பலன் சொல்ல ஆரம்பித்தார். தபால்காரர் வருகிற நேரத்துக்கு முன்னால் தாம் வந்துவிட வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு ரோஷம் இருந்தது.

நாகேந்திரனுக்குப் பதிலாக வந்தவரை ஊரில் வேட்டிக்காரர் என்றே அழைத்தார்கள், மரியாதையோடு. அவருக்குக் கண் பார்வை மட்டு. மூக்குதான் எல்லாம். கிருஷ்ணம்மா மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து தோல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கும்போதே இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்து நின்றுவிடுவார். வாழைத்தண்டு, பலா இலை, தூங்குமூஞ்சி மரத்துக் கொழுந்து எல்லாம் தின்பார். கூப்பிட்டால் சீட்டி அடிப்பார், அதுவும் மெல்லிசாக, பெரிய உடம்பிலிருந்து இவ்வளவு சின்னச் சத்தமா என்று கேட்பவர்கள் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை, இருந்த ஒரு மாமியாரும் செத்துப்போனாள். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத கிருஷ்ணம்மா அன்றன்று ஃபேக்டரியில் நடந்ததையெல்லாம் வேட்டிக்காரரிடம் சொன்னாள். பத்து நாள் கழித்து நாகேந்திரனின் கடிதத்தில் அதற்கெல்லாம் பதில் இருக்கும். அந்த சூப்பர்வைசரிடம் ஜாக்கிரதையாக இரு என்று எழுதியிருப்பான். அவள் சூப்பர்வைசரைப் பற்றி எழுதியதே கிடையாது. இரண்டு வருஷம் இப்படி நன்றாகவே நடந்தது.

தொண்ணூற்றைந்து பங்குனியில் கடிதம் நின்றது. சித்திரையில் வரும் என்று பார்த்தாள், ஆனியில் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வேட்டிக்காரர் அதே பங்குனியிலிருந்து கொஞ்சம் மெதுவாக நடந்தார், வலது முன்காலை ஊன்றும்போது தலையை ஆட்டினார். மாங்கொட்டை குத்தியிருக்கும் என்று கிருஷ்ணம்மா இரண்டு நாள் மஞ்சள் தடவினாள். அப்புறம் அது அவர் நடையே அப்படி என்று ஆகிவிட்டது. கார்த்திகையில் வேறொன்று கண்ணில் பட்டது. வேட்டி நடுவில் இறுகியது. வயிறு இரண்டு பக்கமும் சரிந்தது. ஏர்பேட்டிலிருந்து மாற்றலாகி வந்திருந்த கால்நடை டாக்டர் சந்திரசேகர், ஆசியக் கண்டத்து விலங்குகளைப் பற்றிய தலையணை அளவு இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வைத்திருந்தார். அதைப் பார்க்கிறார், வேட்டிக்காரரின் வயிற்றில் கை வைக்கிறார், மறுபடி புத்தகத்தைப் பார்க்கிறார்.

"ஏம்மா, இதி ஆடதி. பொம்பளை" என்றார் தெலுங்கும் தமிழுமாக. "சினை. இந்த ஜாதிக்குப் பதிமூணு மாசம். சித்திரை வைகாசியில் போடும்."

"ஆம்பள போன இடத்துக்குப் பொம்பள வந்துதா?" என்றாள் கிருஷ்ணம்மா.

"அதெல்லாம் புக்குல லேதம்மா."

அந்தச் சுற்றுவட்டாரத்தில், திருப்பதி மலையிலிருந்து சத்தியவேடு வரைக்கும், ஆண் தாபிர் என்று ஒன்று கிடையாது என்பதை டாக்டர் ஒப்புக்கொண்டார். அப்படியானால் எப்படி என்று கேட்டதற்கு, தமக்கு எருமை, பசு, ஆடு, கோழி இவற்றுக்குத்தான் பயிற்சி என்றார். பெயரை மாற்றுவதா என்று ஒரு பேச்சு வந்தது. ரேஷன் கார்டில் ஒரு தடவை ஏறின பெயர் ஏறினதுதான் என்பது ஊர் அனுபவம், அதனால் வேட்டிக்காரர் வேட்டிக்காரராகவே இருந்தார். மறுநாள் பல் விளக்கியதும் துலுக்காணம் வந்தார். வயிற்றை இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். துண்டை உதறித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"சொன்னா வருத்தப்படுவ, கிருஷ்ணம்மா."

"சொல்லாக்காட்டி நீ போவமாட்ட. சொல்லு மாமா."

"அங்க குடும்பம் ஆயிட்டான் நாகேந்திரன். கொழந்த வரப் போவுது. அதான் லெட்டரு இல்ல."

"பாத்தியா நீ?"

"நான் எதுக்குப் பாக்கணும்? குவைத்து மாட்டப் பாத்து சுனிலுக்கு ஜுரம்னு சொன்னேனா இல்லியா? சரியா இருந்துதா இல்லியா?"

சரியாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம். துலுக்காணம் பொய் சொல்கிறவராக இருந்தால் கிருஷ்ணம்மா அன்றைக்கே துடைப்பத்தைக் காட்டியிருப்பாள். அதிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். விடிந்தால் அது, ஃபேக்டரியில் மாங்காய் தோல் சீவும்போது அது, தீனி வைக்கும்போது அது. அவளுக்குப் புருஷன் இருக்கிறானா, இல்லையா? ஊரே வயிற்றை அளந்தது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஒரு எட்டு உள்ளே வந்து, எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். கமலம்மா உப்பு உருண்டை செய்து கொண்டுவந்து, வாயும் வயிறுமாக இருக்கிறவர், ஆசையாகத் தின்னட்டும் என்று வேட்டிக்காரருக்கே ஊட்டிவிட்டாள். கிருஷ்ணம்மாவுக்கு ஒன்று கொடுக்க மறந்துவிட்டாள். கிருஷ்ணம்மா தீனி வைப்பதை நிறுத்தவில்லை, ஆனால் பேச்சை நிறுத்தினாள். கூடையைத் தொப்பென்று வைப்பாள், "துன்னு" என்பாள். வேட்டிக்காரர் சீட்டி அடிப்பார். "எனுக்கு எதுக்கு அடிக்கற, அங்க போய் அடி" என்பாள்.

திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் ஒரு வழக்கம் உண்டு. வேஷம் கட்டிக்கொண்டவர்கள் அன்றைக்கு யாரை வேண்டுமானாலும், எந்த வார்த்தையில் வேண்டுமானாலும் திட்டலாம். திட்டு வாங்கியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, சிரித்துக்கொண்டு போக வேண்டும். தொண்ணூற்றாறு வைகாசி ஜாத்திரைக்குக் கிருஷ்ணம்மா முகத்தில் கரியும் குங்குமமும் பூசிக்கொண்டு, வேட்டிக்காரரை மாங்காய் லாரியில் ஏற்றித் திருப்பதிக்குக் கூட்டிப்போனாள். புடவை கட்டிய ஆண்களும், சாமியார் வேஷங்களும், வேப்பிலை மாலைக்காரர்களும் நிறைந்த தெருவில் ஒரு தாபிரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே இரண்டு ஆள் இருப்பதாக நினைத்தார்கள். பின்னால் இருக்கிறவனுக்கு மூச்சு விடத் துவாரம் வைத்தீர்களா என்று ஒரு பூக்காரி அக்கறையாக விசாரித்தாள். நல்ல தையல்காரர் என்று ஒருவர் வெள்ளையும் கறுப்பும் சேருகிற இடத்தைத் தடவிப் பார்த்துச் சொன்னார். கோயிலுக்கு எதிரில் கிருஷ்ணம்மா வேட்டிக்காரரை நிறுத்தி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். தமிழில் ஒரு மணி நேரம், போதாமல் தெலுங்கில் அரை மணி நேரம். நாகேந்திரனின் பரம்பரையில் யாரும் பாக்கியில்லை. தெருவில் வேஷம் கட்டியிருந்த ஆண்கள் தங்கள் திட்டுகளை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்கள், சிலர் மனப்பாடம் செய்துகொண்டார்கள். வேட்டிக்காரர் காதுகளை மடித்து, வலது முன்காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். யாரும் காலைப் பார்க்கவில்லை. அவ்வளவு வயிறு இருக்கும்போது காலை யார் பார்ப்பார்கள்.

திரும்பி வரும்போது நாராயணவனத்தைத் தாண்டியதும் லாரி மெதுவாகப் போனது, முன்னால் கல்யாண ஊர்வலம். அங்கேயே, பெங்களூரா ரக மாங்காய்க் குவியலின் மேல், வேட்டிக்காரர் குட்டி போட்டார். குட்டி தாயைப் போல இல்லை. பழுப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக, கால் முளைத்த தர்பூசணி மாதிரி இருந்தது. டிரைவர் இறங்கி வந்து பார்த்து, மாங்காய் லோடில் தர்பூசணி எப்படி வந்தது என்று கேட்டார். பெட்டைக் குட்டி. எழுந்து, தள்ளாடி, நேராகக் கிருஷ்ணம்மாவின் மடியில் வந்து விழுந்தது. திட்டித் திட்டி அவளுக்குக் குரல் போயிருந்தது. முந்தானையால் துடைத்தாள்.

குட்டி வந்தபிறகு ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நாகேந்திரனுக்கு மலேசியாவில் பெண் குழந்தை என்று துலுக்காணம் தெருவுக்கே கடலை மிட்டாய் கொடுத்தார். கிருஷ்ணம்மாவுக்கும் ஒன்று கொடுத்தார். அவள் அதை வாங்கி, கடித்து, மென்று விழுங்கிவிட்டு, "நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள். எங்கே என்றார். "மலேசியா" என்றாள், புத்தூர் என்பது போல. கம்மலும் மூக்குத்தியும் ஏஜென்டிடம் போயின. பாஸ்போர்ட் வர ஏழெட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் குட்டியின் கோடுகள் மறைந்து, அதற்கும் இடுப்பில் வெள்ளை வந்துவிட்டது. தாய் அதை விட்டு நகர்ந்தாலும் அது கிருஷ்ணம்மாவை விட்டு நகரவில்லை, அடுப்பு ஊதினால் பக்கத்தில் உட்கார்ந்து புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டது. சக்களத்தி பெற்றது என்று அதை வெறுக்க அவள் உண்மையாகவே முயற்சி செய்தாள். முடியவில்லை.

தொண்ணூற்றேழு தையில் கிளம்பினாள். வீட்டுச் சாவியை எஸ்டிடி பூத் வைத்திருந்த சிட்டிபாபுவிடம் கொடுத்து, இரண்டு பேருக்கும் தீனி வைக்கச் சொன்னாள். ஊரே பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தது.

"ஒனக்குப் பதிலா எது வரும்னு பாக்கணும்" என்றார் துலுக்காணம். "புலியா இருக்கும்."

"எனுக்குப் பதிலா நீ வந்து ஒக்காந்துக்க மாமா. நீதான் எந்நேரமும் என் வூட்லதான கீற."

ஒன்பதாம் நாள் ஈச்சங்குப்பம் முழுதும் அவள் வீட்டு வாசலில் கூடியது. சிட்டிபாபு பூத்தைச் சாத்திவிட்டு வந்தான். விடிந்தது, வெயில் ஏறியது, மத்தியானம் ஆனது, ஒன்றும் வரவில்லை. புலிக்கென்று துலுக்காணம் எடுத்து வைத்திருந்த கோழியை அவரே குழம்பு வைக்கச் சொல்லிவிட்டார். சாயங்காலம் கமலம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில், கிருஷ்ணம்மா படுக்கிற இடத்தில், குட்டி கிருஷ்ணம்மா படுக்கிற மாதிரியே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் துலுக்காணத்தைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அட்வான்ஸ் ரிசர்வேசன்" என்றார். "முன்னாடியே வந்துகீது."

அதே சமயத்தில் கிருஷ்ணம்மா மலேசியாவில், பஹாங்கில், எண்ணெய் எடுக்கிற செம்பனை எஸ்டேட் ஒன்றின் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் நாகேந்திரனின் வீட்டு வாசலில் பையோடு நின்றிருந்தாள். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. முதலில் கொடியைப் பார்த்தாள், புடவை இல்லை. உள்ளே போனாள். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். பாயை உதறிப் பார்த்தாள், நீளமான முடி ஒன்றும் விழவில்லை. தலையணைக்கு அடியில் அவள் எழுதிய கடிதங்கள் இருந்தன. அவற்றைத் திரும்ப வைத்துவிட்டு, தட்டைக் கழுவி, அரிசி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தபோது நாகேந்திரன் வந்தான். இளைத்திருந்தான். வலது கை முழங்கைக்குக் கீழே, ஒட்ட வைத்தவர்கள் அவசரமாக ஒட்டிவிட்டார்கள் போல, வெளிப்பக்கம் கோணியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பங்குனியில், மரத்திலிருந்து செம்பனைக் குலையொன்று விழுந்து ஒடிந்த கை. அதன்பின் அவனுக்கு நாற்றுப் பண்ணையில் காவல் வேலை. மிருகங்கள் வந்தால் தகரம் தட்ட வேண்டும்.

"அவ எங்க?" என்றாள் கிருஷ்ணம்மா.

"எவ?"

"சரி வுடு. லெட்டரு?"

"எத்த வெச்சு எழுதறது? பாக்கற இல்ல."

"எழுதிக் குடுக்க ஒரு ஆளு கெடைக்கல இந்த மலேசியாவுல?"

"கெடைச்சான். புத்தூர்க்காரன். வேற கையெழுத்தப் பாத்தா நீ வேற எதனா நெனச்சுக்குவன்னு வுட்டுட்டேன்."

"நான் வேறதான் நெனச்சேன்" என்றாள். "நெனச்சு, அம்மன் எதிர்ல சொல்லியும் வெச்சேன்."

"போன வைகாசிலதான? ஒன்றர மணி நேரம் காதுல வண்டு பூந்தாப்புல இருந்துச்சு. தெலுங்குல கூட கேட்டுது." பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "கை ஒடிஞ்சுடுச்சுன்னு எழுதினா நீ வந்துடுன்னுவ. நானும் வந்துடுவேன். வந்து இன்னா பண்றது, ஒத்தக் கையால தறி ஓட்றதா? அதான்."

கிருஷ்ணம்மா கோணல் கையை எடுத்து மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் புத்தூருக்குப் பக்கத்தில் பிறந்தவள். ஒடிந்த கையைக் கட்டத் தென்னிந்தியா முழுதும் புத்தூருக்கு வருகிறது. இங்கே ஒரு கை இரண்டு வருஷமாகக் கோணிக்கொண்டு கிடக்கிறது. அப்போதுதான் அவளுக்குத் திருப்பதித் தெரு நினைவுக்கு வந்தது, தூக்கித் தூக்கிக் காட்டிய கால் நினைவுக்கு வந்தது. அரிசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். எஸ்டேட் கடையிலிருந்து சிட்டிபாபுவின் பூத்துக்குப் போன் வந்தபோது துலுக்காணமும் அங்கேதான் இருந்தார்.

"சிட்டிபாபு, வேட்டிக்காரருக்கு எந்தக் காலு நொண்டுது?"

"வலது முன்காலு, அக்கா."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா நொண்டிகினுதான் கீறாரு."

"ஊர்ல நாப்பது வூடு கீது, ஒருத்தர் வாயும் தொறக்கல?"

"நீயும்தான பாத்துகினு இருந்த."

 அதற்குள் துலுக்காணம் ரிசீவரை வாங்கிக்கொண்டு, குட்டி நாகேந்திரனுக்குப் பிறந்ததல்ல, கிருஷ்ணம்மாவுக்குப் பதிலாக வந்தது என்று முறைப்படி அறிவித்தார். பதிமூன்று மாதம் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டதைக் கிருஷ்ணம்மா அவருக்கு நினைவுபடுத்தினாள். "நான் அப்பிடி சொல்லலன்னா நீ போயிருப்பியா? நீ போவலன்னா அது எதுக்கு வரப் போவுது?" என்றார் துலுக்காணம். இந்தக் கணக்கை ஊரில் இன்றுவரை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிருஷ்ணம்மா மறுபடி சிட்டிபாபுவைக் கூப்பிட்டு, வேட்டிக்காரரை நாளைக்கே புத்தூருக்குக் கூட்டிப்போகச் சொன்னாள்.

புத்தூரில் வரிசை நீளமாக இருந்தது. பெங்களூர், கடப்பா, வேலூரிலிருந்தெல்லாம் கை கால் ஒடிந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வேட்டிக்காரருக்கும் டோக்கன் கொடுத்தார்கள், நாற்பத்தேழு. முறை வந்ததும் கட்டுக் கட்டுகிறவர் நிமிர்ந்து பார்த்து, "ஆளுக்கா, மாட்டுக்கா?" என்றார். சிட்டிபாபு யோசித்து, "ரெண்டுக்கும்" என்றான். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. முன்காலில் விரல்களை எண்ணினார், நாலு. பின்காலில் எண்ணினார், மூன்று. அது பிறவியிலேயே அப்படித்தான், கட்டுப் போட்டு நாலாக்க முடியாது என்று சொன்னார். பிறகு வலது முன்காலை எண்ணெய் விட்டு நீவி, ஒரே இழுப்பு இழுத்தார். வேட்டிக்காரர் சீட்டி அடித்தார். அதே வினாடியில், கடலுக்கு அந்தப் பக்கம், நாற்றுப் பண்ணையில் தகரம் தட்டிக்கொண்டிருந்த நாகேந்திரன் தகரத்தைக் கீழே போட்டான். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பத்தை. வாரத்துக்கு ஒரு கட்டு, மூன்று கட்டு. அந்த மூன்று வாரமும் நாகேந்திரனின் கையில் பச்சை முட்டை நாற்றம் அடித்ததாகவும், லயத்துப் பூனைகள் அவனை விட்டு நகரவில்லை என்றும் அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள். இருபத்திரண்டாம் நாள் வேட்டிக்காரர் நான்கு காலும் ஊன்றி நடந்தார். நாகேந்திரன் கையை நீட்டிப் பார்த்தான், நேராக இருந்தது. பேனா எடுத்து எழுதினான். யாருக்கு எழுத வேண்டுமோ அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால், கடிதம் ஈச்சங்குப்பம் வேட்டிக்காரருக்கு வந்தது. கால் எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறீர்களா, துலுக்காணம் சொல்வதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தான். அதைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டும் பொறுப்பு துலுக்காணத்துக்கு வந்தது. அவர் ஒரு வரியும் விடாமல் படித்தார்.

கிருஷ்ணம்மா பார்த்துவிட்டு வரத்தான் போனாள். கிட்டத்தட்ட ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அவள் பேப்பர்கள் எப்படிச் சரியாயின என்பது ஏஜென்டுக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் பண்ணையில் நாற்று வேலை பார்த்தார்கள். தொண்ணூற்றெட்டில் பெண் குழந்தை பிறந்தது, தரணி என்று பெயர் வைத்தார்கள். அதற்காக ஈச்சங்குப்பத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. ஊரை விட்டுப் போகாத ஆளுக்கு எது வரும். இரண்டாயிரத்தொன்று ஐப்பசியில் மூன்று பேரும் ஊருக்குத் திரும்பினார்கள். நாகேந்திரன் கொஞ்சம் பணத்தோடு வந்து, ஒன்றரை ஏக்கரில் போர் போட்டு மாங்கன்று வைத்தது தனிக் கதை. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், வேட்டிக்காரரும் குட்டியும் சாப்பிட்டு முடித்து, எழுந்து, தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு நிமிஷம் நின்று, அருணா ஆற்றில் இறங்கினார்கள். இரண்டு உடம்பும் முழுகி, இரண்டு மூக்கு மட்டும் குழாய் மாதிரி தண்ணீருக்கு மேலே தெரிந்து, அப்படியே நகர்ந்து வளைவில் மறைந்தன. அன்றைக்கு அருணா ஆற்றில் தண்ணீர் இருந்தது. அது பெரிய அதிசயம் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

அவர்கள் வந்த ஒன்பதாம் நாள் சிட்டிபாபுவின் பூத்துக்கு பஹாங்கிலிருந்து போன் வந்தது. லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த பொன்னியம்மா பேசினாள். குரலில் பதற்றம் ஒன்றும் இல்லை, பாத்திரம் ஏதாவது மறந்துவிட்டீர்களா என்று கேட்கிற தோரணைதான். நீங்கள் காலி செய்த வீட்டில் இன்றைக்குக் காலையிலிருந்து இரண்டு கரடி உட்கார்ந்திருக்கிறது என்றாள். கறுப்பு, நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு, அவள் பார்த்த எந்த மலேசியக் கரடி போலவும் இல்லை, முடி எல்லாம் பறட்டை. பெரியது பாய் போட்டிருந்த இடத்தில் படுத்திருக்கிறது, இன்னொன்று அடுப்பருகில். அதன் முதுகில், முடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு குட்டி சவாரி செய்கிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது. சோறு வைத்தேன், கருவாடு வைத்தேன், மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டது, என்ன செய்வது என்று கேட்டாள்.

கிருஷ்ணம்மா இடுப்பில் இருந்த தரணியை மாற்றி வைத்துக்கொண்டாள். தரணி இறங்கவே மாட்டேன் என்று தலைமுடியைப் பிடித்தாள். பூத்துக்கு வெளியே பெஞ்சில் நாகேந்திரன் உட்கார்ந்திருந்தான், அவனுக்குப் பக்கத்தில் துலுக்காணம், இரண்டு பேரும் குவைத்து மாடு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நகரி மலை. அந்த மலைக் கரடிக்கு மேல்வாயில் முன்பல் இரண்டு கிடையாது, அந்தச் சந்து வழியாகக் கறையானை உறிஞ்சித் தின்னும், சத்தம் ஒரு பர்லாங்குக்குக் கேட்கும் என்பது அங்கே பிறந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

"கருவாடெல்லாம் துன்னாதுக்கா" என்றாள் போனில். "நாத்துப் பண்ணைக்குப் பின்னால ஒரு கறையான் புத்து கீது. காட்டி வுட்டுடு, அதுவே பாத்துக்கும். பெருசுக்கு வலது கை நல்லாத்தான கீது, பாரு."

பொன்னியம்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்து, நல்லாத்தான் இருக்கு என்றாள்.